செத்தல் மிளகாய்க்கு முதற்பரிசு

சிறீஸ்கந்தராசா ஒஸ்லோவில் பதவி இல்லாமல் இருந்த காலம் மிகக் குறைவு. க்ரூருட்டில் அவர் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் குடியிருப்பாளர் குழுவில் உபசெயலாளர், கோயில் தேர் அன்று கார் நிறுத்துமிடப் பொறுப்பாளர், தமிழ்ச் சங்கத்தில் முதலில் கலைக்குழு உறுப்பினர், பிறகு உபதலைவர். உபதலைவரானவர் அடுத்து எதற்கு ஆசைப்படுவாரோ அதற்கு அவரும் ஆசைப்பட்டார். 2003ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு நின்றார்.

எதிர்த்து நின்ற சபாரத்தினம் எழுந்து, எல்லாரும் சேர்ந்து செய்வோம் என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். சிறீஸ்கந்தராசா தன் வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்கினார். மாணவராக வந்து இறங்கியது, ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தது, ஒஸ்லோவுக்கு மாறியது, நோர்வேத் தமிழருக்கு ஒரு தூரநோக்குத் தேவைப்படுவது என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. வடை ஆறிக்கொண்டிருந்தது. கையை உயர்த்தி வாக்களிக்கச் சொன்னபோது அவருக்காக உயர்ந்த இரண்டு கைகளில் ஒன்று அவருடையது, மற்றது அவருடைய மைத்துனர் சுரேனுடையது. மனைவி சிவகாமி அந்த நேரம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றதால் கை உயர்த்த வசதிப்படவில்லை என்று பிறகு விளக்கம் சொன்னார்.

ஹம்மர்பெஸ்ட்டைப் பற்றி அவர் அந்தப் பேச்சிலும் வேறெந்தப் பேச்சிலும் சொல்லாத ஒன்று உண்டு. அங்கேதான் அவருடைய மூக்குப் போனது. முகத்தில் மூக்கு இருந்தது, பார்வைக்கு எடுப்பாகவும் இருந்தது. மணம்தான் போய்விட்டது. தொழிற்சாலையின் குளிரறையில் வேலை செய்த காலத்தில் பிடித்த ஒரு சளித் தடிமன் மாதக்கணக்கில் நின்று, போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போனது. இனிப்பு, கசப்பு, புளிப்பு, உறைப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கறி அடிப்பிடித்து வீடு முழுக்கப் புகை மணத்தாலும் அவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பார். இது சிவகாமிக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

தேர்தலுக்குப் பிறகு அவர் சங்க மண்டபத்துப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமைகள் வீட்டில் கழிந்தன. அலமாரியில் சிவகாமி மசாலாப் போத்தல்களை அடுக்கும் முறையில் ஒரு சீர்திருத்தம் வேண்டும் என்று அவர் பேசத் தொடங்கியபோது, இவருக்கு வெளியில் ஏதாவது வேலை பார்க்கவேண்டும் என்று சிவகாமி முடிவு செய்தார்.

வேலை தானாகவே வந்தது. ஸ்கொய்யனில் ஒரு பொறியியல் நிறுவனத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் சிறீஸ்கந்தராசா பாண் வெட்டி, சூப் சூடாக்கிக் கொடுக்கும் வேலை பார்த்தார். அங்கே சுரங்கப் பாதைகளுக்கு வரைபடம் போடும் ஷெத்தில் என்ற தாடிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் பியர் காய்ச்சுபவர்களின் கழகம் ஒன்றில் போட்டிப் பொறுப்பாளர். அடுத்த போட்டிக்கு டுக்னாட் செய்ய ஆள் தேவை என்றார். டுக்னாட் என்றால் சம்பளமில்லாமல் எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலை. நோர்வேக்காரர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது எங்களவர் கந்தசஷ்டி விரதத்தைப் பற்றிச் சொல்லும்போது வருகிற முகம் வரும். சிறீஸ்கந்தராசா உடனே ஒத்துக்கொண்டார். அவருக்குக் கிடைத்த டுக்னாட் கிளாஸ் கழுவுவது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது சிவகாமிக்கு ஊரில் களவாகக் காய்ச்சும் கசிப்புச் சாராயம்தான் நினைவுக்கு வந்தது. கேட்டார்:

"கசிப்புக் காய்ச்சிற ஆக்களோடையோ சேரப் போறியள்?"

"கசிப்பில்லை. இது படிச்ச ஆக்கள் காய்ச்சிறது."

ஆக்கர் ஆற்றோரத்தில் ஒரு பழைய தொழிற்சாலையின் நிலவறையில் போட்டி நடந்தது. வாழ்க்கையில் அதுவரை யாராவது ஒருவரின் நாற்பதாவது பிறந்தநாளில் ஒரு டின் பியர் குடித்ததைத் தவிர சிறீஸ்கந்தராசாவுக்கு அந்த உலகம் தெரியாது. அங்கே அவர் கண்ட ஒழுங்கு அவரைக் கலங்கடித்தது. மேசைக்கு மூன்று நடுவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பெயர் இல்லாத, இலக்கம் மட்டும் போட்ட கிளாஸ்கள் வந்தன. நடுவர்கள் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, ஈரமான காட்போட் மட்டை, அவித்த முட்டைக்கோவா, குதிரைக்குப் போர்த்தும் கம்பளி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். வாயை ஒரு துண்டுப் பாணால் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார்கள். ஒரு மனிதன் தன் குசினியில் வாரக்கணக்கில் பாடுபட்டு ஆக்கியதை இன்னொரு மனிதன் ஒரு மிடறில் குதிரைக் கம்பளி என்று சொல்லலாம், சொன்னதற்காகக் கைகுலுக்கி நன்றியும் பெறலாம். அது தமிழ்ச் சங்கத் தலைவருக்குக்கூட இல்லாத அதிகாரம். சிறீஸ்கந்தராசா கழுவிய கிளாஸைத் துடைத்தபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் ஒரு நடுவர் சுகமில்லை என்று வீட்டுக்குப் போய்விட்டார். மேசையில் ஒரு கதிரை வெறுமையானது. ஏலக்காயும் கறுவாவும் விளைகிற நாட்டில் பிறந்த மூக்கு ஒன்று கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பது ஷெத்திலுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. சிறீஸ்கந்தராசா மறுப்பதுபோல ஒரு முறை தலையை ஆட்டிவிட்டு, ஏப்ரனைக் கழற்றினார்.

முதல் சில கிளாஸ்களுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற இருவரும் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு ஒரு கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னார், "கடைசியில் ஏதோ ஒன்று இருக்கிறது." ஷெத்தில் மறுபடி கிளாஸுக்குள் மூக்கை விட்டு மணந்தார். பக்கத்தில் இருந்த இங்கெர் என்ற பல் வைத்தியப் பெண்ணும் மணந்தார். இருவரும் நீண்ட நேரம் மணந்த பிறகு, ஓம், பச்சை அப்பிள், நல்லவேளை சொன்னீர்கள் என்றார் இங்கெர். அன்று பின்னேரத்துக்குள் அந்த 'கடைசியில் ஏதோ' வசனத்தைச் சிறீஸ்கந்தராசா பல தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவர்கள் எதையோ கண்டுபிடித்தார்கள்.

அடுத்த ஆண்டு கழகம் நடத்திய நடுவர் பயிற்சியில் சேர்ந்தார். பியர் வகைகளின் விதிப் புத்தகத்தை அவர் உயர்தரப் பரீட்சைக்குத் தாவரவியலைப் படித்த மாதிரியே படித்தார். எந்த நாட்டு எந்தப் பியர் என்ன நிறம், என்ன கசப்பு என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுத்துப் பரீட்சையில் முதலாவதாக வந்தார். சுவைப் பரீட்சை சோடியாக நடந்தது. அவருக்கு வாய்த்த சோடி சும்மா இருக்கமாட்டாத ஒரு வாய்க்காரர். ஆகவே அதிலும் தேறினார். நோர்வேஜிய மொழியில் "நடுவர்" என்று பொறித்த சின்னம் ஒன்றைச் சட்டையில் குத்திவிட்டார்கள்; அந்த மொழியில் நீதிபதிக்கும் அதே சொல்தான்.

அந்தச் சின்னம் அதன்பின் சட்டையைவிட்டு இறங்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் அதைக் கண்ட ஒரு அம்மா, மகனின் லைசென்ஸ் பறிபோன வழக்கைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லி அவரை ஓரமாகக் கூப்பிட்டார். தான் நீதிபதி இல்லை என்று சிறீஸ்கந்தராசா சொல்லத்தான் செய்தார், ஆனால் சாப்பாடு முடியும்வரை பொறுத்துச் சொன்னார். சபாரத்தினம் நேரே வந்து எதற்கு நடுவர் என்று கேட்டபோது, நோர்வேஜியரின் பாரம்பரியக் கலை ஒன்றுக்கு என்று பதில் சொன்னார். சபாரத்தினம் அதை வயலின் என்று எடுத்துக்கொண்டார்.

சுரேன் மட்டும் விடாமல் விசாரித்து உண்மையை அறிந்துகொண்டார். அவர் சிவகாமியின் தம்பி, பஸ் ஓட்டுநர், அத்தான் செய்வதையெல்லாம் கொஞ்சம் பிந்தித் தானும் செய்பவர். உடனே ஒரு பெரிய பானையும் வாளியும் வாங்கிக் காய்ச்சத் தொடங்கினார். முதல் காய்ச்சலை அவரே குடித்துப் பார்த்து, பழைய பாணை ஊறப்போட்ட தண்ணி மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் 2006ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

"அத்தான், கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ" என்றார்.

சிறீஸ்கந்தராசா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, நடுவர் பதவியின் புனிதத்தைப் பற்றிப் பேசினார். பெயர் மறைத்த போட்டி என்பது நோர்வே நாகரிகத்தின் அடித்தளம் என்றார். எங்கடை ஆக்களிடம் இந்தப் பழக்கம் இல்லாததால்தான் சபாரத்தினங்கள் தலைவராகிறார்கள் என்றார். சுரேன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவும் இடத்தில் சிறீஸ்கந்தராசா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்:

"சரி, எப்பிடி அடையாளம் பிடிக்கிறது?"

பதிலையும் அவரே சொன்னார். மசாலாப் பியர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குள் எதையும் போடலாம். செத்தல் மிளகாய் போட்டால் நாக்கு எரியும், எரிந்தால் அவர் விடமாட்டார். மணத்தால் பிடிக்கும் அடையாளம் எதையும் அவர் ஏன் கேட்கவில்லை என்று சுரேன் யோசிக்கவில்லை. அடுப்படியில் நின்ற சிவகாமிக்கு விளங்கியது. அவர் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சுரேன் மிளகாய் போட்டார். போட்டபின் பயம் பிடித்தது. நோர்வேக்காரர் வாய் வெந்து போட்டியிலிருந்தே விலக்கிவிட்டால் என்ன செய்வது என்று பாதியை எடுத்துவிட்டார். பிறகு மீதியின் விதைகளையும் தட்டினார். இதை அத்தானிடம் சொல்ல மறந்துபோனார்.

போட்டி நாளன்று மசாலாப் பிரிவு சிறீஸ்கந்தராசாவின் மேசைக்கே வந்தது. கறுவாப் பியர், தோடம்பழத்தோல் பியர் எல்லாம் வந்து போயின. அவர் வழக்கம்போலக் கடைசியில் ஏதோ இருக்கிறது என்றார். பிறகு வந்த ஒரு கிளாஸில் நாக்கின் நுனி சுள்ளென்றது, தொண்டை வரை சூடு இறங்கியது. அவர் கிளாஸை மேசையில் வைத்தார். அன்றுபோல அவர் அந்த மேசையில் ஒரு நாளும் பேசியதில்லை. இது செத்தல் மிளகாய் என்றார். வெயிலில் காய்ந்த, பதமாக வறுத்த மிளகாய். இதைச் செய்தவருக்கு மிளகாயின் அகமும் தெரியும் புறமும் தெரியும். ஷெத்தில் கண்ணை மூடி மணந்து, ஓம், வெயில் தெரிகிறது என்றார். இங்கெர் மிளகாய்த் தோலின் புகையைக்கூடக் கண்டுபிடித்தார். மூவரும் ஒருமனதாக அதற்கு உச்சப் புள்ளி போட்டார்கள்.

அதன்பின் வந்த ஒரு கிளாஸ் நாக்கில் லேசாகக் கீறிவிட்டு ஒன்றுமில்லாமல் போனது. வேலை முடிந்த மகிழ்ச்சியில் இருந்த சிறீஸ்கந்தராசா அதைத் தாராளமாகக் கிழித்தார். இதைக் காய்ச்சியவர் பயந்த சுபாவம் உள்ளவர், எதையோ தொடங்கிவிட்டு இடையில் ஓடிவிட்டார் என்றார். பிரிவிலேயே மிகக் குறைந்த புள்ளி அதற்குக் கிடைத்தது.

பரிசளிப்பில் சுரேன் புதுச் சேர்ட்டோடு முன்வரிசையில் இருந்தார். முதற்பரிசு ஒரு மரக்கிண்ணம், பழைய நோர்வேப் பண்ணை வீடுகளில் பியர் குடித்த மாதிரியானது. நடுவர்கள் சார்பில் சிறீஸ்கந்தராசா பேசினார். செத்தல் மிளகாயின் கம்பீரத்தைப் பற்றிச் சொல்லும்போது சுரேனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சுரேன் பாதி எழுந்துவிட்டார். ஷெத்தில் உறையைப் பிரித்து, தட்டுத்தடுமாறிப் பெயரை வாசித்தார்: புளோறன்ஸ் இராசமணி.

பின்வரிசையிலிருந்து குளிர் ஜக்கெற்றோடு ஒரு கட்டையான பெண் நடந்து வந்தார். ஹொல்ம்லியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கத்து கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், சில வருடங்களாகத் தன்பாட்டில் பியர் காய்ச்சிக் குடித்து மகிழ்ந்தவர். சிறீஸ்கந்தராசா அவரை அதற்கு முன் கண்டதே இல்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்ட புளோறன்ஸ் மேடையில் ஒரு தமிழ் முகத்தைக் கண்ட சந்தோஷத்தில், "பெரிய நன்றி அண்ணை" என்றார்.

சுரேனுக்குப் பக்கத்தில், பரிசு கிடைக்காத இன்னொரு தாடிக்காரர் இருந்தார். அந்தப் பெண் என்ன சொன்னார் என்று அவர் சுரேனிடம் கேட்டார். சுரேன் எழுந்த பாதியிலேயே இன்னும் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் என்று கூப்பிட்டார் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அடுத்த வாரம் கழகத்துக்கு முறைப்பாடு வந்தது. நடுவர் வெற்றியாளரின் அண்ணன். நோர்வேயில் ஒருவரைக் கள்ளன் என்பதைவிடப் பெரிய சொல் ஒன்று உண்டு, இன்ஹபில். சொந்தக்காரனுக்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவன் என்று பொருள். சிறீஸ்கந்தராசாவின் சின்னத்தை விசாரணை முடியும்வரை கழற்றிவைக்கச் சொன்னார்கள். வீட்டில் இன்னொரு விசாரணை நடந்தது. புளோறன்ஸ் என்பது யார், எவ்வளவு காலப் பழக்கம் என்று சிவகாமி கேட்டார். சுரேன் தொலைபேசியையே எடுக்கவில்லை. செய்ய நினைத்த களவு பிழையாகிப்போய், செய்யாத களவுக்குப் பிடிபட்ட மனிதனின் நிலைமையை யாரிடமும் விளக்கமுடியாமல், சிறீஸ்கந்தராசா சில நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதே நிலவறையில், கோப்பியும் வாஃபிளும் வைத்து விசாரணை நடந்தது. எங்கள் மொழியில் முன்பின் தெரியாதவரையும் அண்ணன் என்போம் என்று சிறீஸ்கந்தராசா விளக்கினார். அப்படியானால் போட்டியில் கலந்துகொண்ட சுரேன் என்பவர் மைத்துனர் என்று சொல்லப்படுகிறதே, அதுவும் அப்படித்தானா என்று ஷெத்தில் கேட்டார். சிறீஸ்கந்தராசா கோப்பியைக் கீழே வைத்தார். இல்லை, அது உண்மையான மைத்துனர் என்றார்.

ஷெத்தில் புள்ளிகளை எடுத்துப் பார்த்தார். சுரேனுக்குக் கிடைத்தது பிரிவிலேயே கடைசி இடம், அதிகம் குறைத்தவர் சிறீஸ்கந்தராசா. அறையில் இருந்தவர்களின் முகம் மாறியது. இங்கெருக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த மனைவியின் தம்பியைக் கடைசியில் தள்ளிய ஒரு மனிதனையா நாங்கள் சந்தேகப்பட்டோம் என்றார் அவர். இப்படியான நேர்மை இந்த நாட்டவரிடமே அருகிவருகிறது என்று ஷெத்தில் சொன்னார். சிறீஸ்கந்தராசா தலையைக் குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒழுங்குக்காகப் புளோறன்ஸிடமும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"எனக்கு இவரைத் தெரியாது. கிண்ணத்தைத் திருப்பித் தரச் சொன்னாலும் தருவேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். என் பியரில் மிளகாய் இல்லை. நான் போட்டது இஞ்சி."

ஷெத்தில் சீனி போடாத கோப்பியை நெடுநேரம் கலக்கினார். வெயிலைக் கண்டுபிடித்தவர் அவர். புகையைக் கண்டுபிடித்த இங்கெர் வாஃபிளைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்தார். சிறீஸ்கந்தராசாவுக்கு மணம் தெரியாது என்பதை அங்கே அறிய வேண்டுமென்றால், தங்களுக்கும் தெரியாது என்பதையும் அதே மூச்சில் அறிய வேண்டியிருக்கும். அதற்கு யாரும் ஆயத்தமாக இல்லை. கடைசியில் ஷெத்தில் தொண்டையைச் செருமி, இஞ்சிக்கு மிளகாய்க் குணம் ஒன்று உண்டு, குறிப்பாக ஆசியாவில் என்றார். எல்லாரும் சிறீஸ்கந்தராசாவைப் பார்த்தார்கள். உண்டு என்றார் அவர்.

முறைப்பாடு தள்ளுபடியானது. கிண்ணம் புளோறன்ஸிடமே இருந்தது. சின்னம் சட்டைக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டிலிருந்து மசாலாப் பியர் அனுப்புகிறவர்கள் உள்ளே என்ன போட்டிருக்கிறது என்பதை நடுவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்று புது விதி வந்தது. அதன்பிறகு அந்தக் கழகத்தின் நடுவர்கள் ஒருவரும் பிழைவிட்டதில்லை. பியர் வருமுன் இன்னது இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள், பியர் வந்தபின் நடுவர்கள் அதைக் கண்டுபிடிப்பார்கள்.

சுரேன் வாளியையும் பானையையும் இணையத்தில் விற்றுவிட்டார். அத்தானோடு பேச அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதுவும் சிவகாமி அவருக்கு நடந்ததையெல்லாம் சொன்ன பிறகுதான். மணமில்லாத ஆளிடம் நீ எந்த நம்பிக்கையில் போனாய் என்று அக்கா கேட்டபோது, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார் தம்பி. நீ கேட்கவில்லை என்றார் சிவகாமி.

2009 இலையுதிர்காலத்தில் ஒரு நாள், தொய்யனில் சுரங்க ரயிலில் ஏறிய சிறீஸ்கந்தராசாவுக்கு எதிர் இருக்கையில் புளோறன்ஸ் இருந்தார். வேலை முடிந்து களைத்திருந்தார். இருவரும் குளிரைப் பற்றிக் கதைத்தார்கள். கழகத்தில் சேர்ந்து நடுவராகச் சொல்லிப் புளோறன்ஸையும் கேட்டார்களாம், சனிக்கிழமைகளில் வேலை என்று மறுத்துவிட்டாராம். இரண்டு தரிப்பு கழிந்ததும் சிறீஸ்கந்தராசா குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தங்கச்சி, அந்த உம்மடை பியர்... அது என்ன மாதிரி மணத்தது?"

புளோறன்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், ஒரு மனிதனுக்கு எது வேலை செய்யவில்லை என்பது அவருக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

"சொன்னால் உங்களுக்கு விளங்காது அண்ணை" என்றார்.

"பரவாயில்லை, சொல்லும்."

புளோறன்ஸ் யோசித்தார். சூடான பாண் ஒன்றைப் பிய்த்து, அதற்கு மேலே பிடித்துத் தேசிக்காய்த் தோலைக் கசக்கின மாதிரி முதலில் வரும், பிறகு இஞ்சி தனியாக, கதவைத் திறந்துகொண்டு வந்த ஆள் மாதிரி வந்து நிற்கும் என்றார். சிறீஸ்கந்தராசா முன்னால் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். அவர் முகம் கொஞ்சம் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது. அவர் இறங்கவேண்டிய தரிப்பு வந்து, கதவு மூடுவதற்குள் ஓடி இறங்கினார். புளோறன்ஸுக்கு அந்த மனிதரை நினைக்க இரக்கமாக இருந்தது.

அடுத்த மாதம் துரொண்ட்ஹெய்மில் நடந்த போட்டிக்குச் சிறீஸ்கந்தராசாவை விருந்தினர் நடுவராக அழைத்தார்கள். மசாலாப் பிரிவில் முதல் கிளாஸ் வந்தது, இஞ்சி என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சிறீஸ்கந்தராசா கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார். சூடான பாண், அதற்கு மேல் கசக்கிய தேசிக்காய்த் தோல், பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற ஒரு ஆள் என்று ஒரு சொல் மாறாமல் சொன்னார். ஒஸ்லோவிலிருந்து கூடவே வந்திருந்த ஷெத்தில் பேனையை எடுத்துக்கொண்டு, எழுதிவைக்க வேண்டும், இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லமுடியுமா என்று கேட்டார். அவர் சொன்னார்.